ஆணியில் மாட்டிய பச்சைத் துண்டு

இன்பசேகரன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது நாற்பத்தெட்டாவது வயதில். அதற்கு முன் இருபத்தைந்து வருடம் தோல் பதனிடும் டேனரிகளில் லேப் உதவியாளர். மௌஸைப் பிடிக்கும்போது சுண்டுவிரலைத் தூக்கிக்கொள்வார், சூடான டம்ளரைப் பிடிப்பதுபோல. பயந்த ஆள். கேஸ் அடுப்பை மூடிவிட்டு வாசல்வரை போவார், திரும்பி வந்து ஒருமுறை திருகிப் பார்ப்பார். மனைவி லில்லி ஆஸ்பத்திரியில் நர்ஸ். "அந்த அடுப்பே இவருக்குப் பயந்துகினு இருக்குது" என்பாள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. பெயர் ஜோஸ். தொண்ணூற்றொன்றில் ஒரு டேனரியில் இருவரும் ஒன்றாக வேலை செய்தார்கள். கழிவுத் தொட்டியின் அடைப்பை எடுக்க ஜோஸ் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கி, "நாத்தம் போய்டுச்சுடா சேகரு, இனிமே பயமில்ல" என்று சிரித்தான். அடுத்த நிமிடம் முழங்கால் மடங்கி உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. அந்தத் தொட்டிகளில் ஊறும் வாயு அழுகிய முட்டைபோல நாறும். அளவு மீறினால் முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றால் வாயு நின்றது என்று அர்த்தமில்லை. இன்பசேகரன் இதைப் புத்தகத்தில் படித்தது ஜோஸை அடக்கம் செய்த பிறகு.

2003-இல் அவருக்கு வேலை ஆம்பூர் பக்கத்தில், பல டேனரிகள் சேர்ந்து நடத்திய கழிவுநீர் நிலையத்தில். மாடியில் கண்ட்ரோல் ரூம். ஜன்னலுக்கு நேர் கீழே, எல்லா டேனரியின் தண்ணீரும் வந்து விழும் இருபதடி ஆழக் கான்கிரீட் குழி. சம்ப் என்பார்கள். அதற்குள் தொங்கும் சென்சார் வாயுவின் அளவை அனுப்பும். திரையின் வலது கீழ்மூலையில், உள்ளங்கை அகல விண்டோ ஒன்றில் எண் தெரியும். ஐந்துக்குக் கீழே இருந்தால் ஆள் இறங்கலாம். பத்தைத் தொட்டால் ஏறிவிட வேண்டும். முன்பு பத்தைத் தொட்டதும் சங்கு அலறும். பார்வையாளர்கள் வந்திருந்தபோது ஒருமுறை அலறித் தொலைத்தது. மறுநாளே மேனேஜர் சம்பத் அதன் வயரைப் பிடுங்கச் சொல்லிவிட்டார்.

பிறகு இன்பசேகரனே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். சாயம் போட்ட தோல் துண்டுகள் இரண்டு. பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆணி. எண்ணைப் பார்த்துப் பச்சையை மாட்டினால் கீழே இருப்பவர்கள் இறங்குவார்கள், சிவப்பை மாட்டினால் ஏறுவார்கள். மட்டமான சாயம். வியர்வை பட்டால் கையெல்லாம் ஒட்டும்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பம்பு வாயில் தோல் சவ்வு அடைத்துக்கொண்டது. எண் மூன்று. பச்சையை மாட்டினார். காசி இடுப்பில் கயிறு கட்டி இறங்கினான். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெருமாள் நின்றார். சேற்றைக் கிளறினால் வாயு கிளம்பும். அதனால் நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைப் பார்ப்பது வழக்கம்.

பத்து நிமிடத்தில் கதவு திறந்தது. சம்பத், பின்னால் ஐந்தாறு பார்வையாளர்கள். சம்பத் குனிந்து காதில் சொன்னார்.

"அந்தச் சின்ன விண்டோவ மறை. ஏதாவது கேட்டுத் தொலைப்பாங்க."

"ஆள் உள்ள இருக்கான் சார்."

"அஞ்சு நிமிஷம்யா. மினிமைஸ் பண்ணு."

பண்ணினார். விண்டோ சுருங்கித் திரையின் அடியில் ஒரு பட்டனாகப் படுத்தது. வந்தவர்களில் ஒருவர் கம்ப்யூட்டரில் படம் காட்டும் மெஷினை மாட்டி, ஏதோ செட்டிங்கை மாற்றினார். திரையில் எழுத்தெல்லாம் பெரிதானது. சுவரில் படம் ஓடியது. இன்பசேகரன் சுவரோரம் நின்று நிமிடங்களை எண்ணினார். ஐந்து, ஒன்பது, பதின்மூன்று. 'ஒரு நிமிஷம் சார்' என்று சொல்ல வாய் வரவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று கடைசிவரை நினைத்தார்.

பதினாறாவது நிமிடம் மெஷினைக் கழற்றிக்கொண்டு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். அவர் நாற்காலியில் பாய்ந்து பட்டனை அழுத்தினார். விண்டோ வரவில்லை. மறுபடி அழுத்தினார். பட்டன் உள்ளே போனது, வெளியே வந்தது. திரை காலியாகவே இருந்தது. புரோகிராம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எண் எங்கேயோ மாறிக்கொண்டுதான் இருந்தது. அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஜன்னலைப் பார்த்தார். பச்சைத் துண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இறங்கலாம், பயமில்லை என்று அவர் பெயரால் அது சொல்லிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் பச்சையைப் பிடுங்கினார். சிவப்பை மாட்டினார். மாட்டியது போதாதென்று கத்தினார்.

"பெருமாளு! தூக்கு! காசியத் தூக்கு!"

பெருமாள் நிமிர்ந்து பார்த்தார். கயிற்றை இழுத்தார். காசியின் தலை விளிம்புக்கு மேலே வந்தது. கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

"இன்னாணா, பச்சயக் காட்டி எறக்கிட்டு செவப்பக் காட்டி ஏத்துற? ரயில் வுட்றியா?" என்றான். "இன்னும் பத்து நிமிஷம் வுட்டிருந்தா முடிச்சிருப்பேன். இன்னைக்கி நாத்தமே இல்லணா."

இன்பசேகரன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சொன்ன?"

"நாத்தமே இல்லன்னேன். மொதல்ல இருந்துச்சு. அப்பறம் போய்டுச்சு."

சம்பத் படியேறி வந்தார். கையில் டீ கிளாஸ்.

"யாரு செவப்ப மாட்னது? அவங்க கேண்டீன்லருந்து பாக்கறாங்கய்யா. நம்பர் எவ்ளோ?"

"தெரியல சார். விண்டோ வரமாட்டேங்குது."

"தெரியாமயே ஆள ஏத்துனியா? நாத்தம் இல்லன்னு அவனே சொல்றான். கம்ப்யூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. வேலையப் பாரு."

இன்பசேகரன் கம்ப்யூட்டருக்கும் சம்பத்துக்கும் நடுவில் வந்து நின்றார். ஆஃப் செய்து ஆன் செய்தால் விண்டோ வரக்கூடும். ஆனால் சென்சாருக்கும் கரண்ட் கம்ப்யூட்டர் வழியாகத்தான்; நின்று வந்தால் அது சூடேற அரைமணி நேரம் ஆகும். அதுவரை எண் பூஜ்ஜியம் காட்டும். பூஜ்ஜியத்தைப் பார்த்தால் சம்பத் காசியை இறக்கிவிடுவார். காசியும் சிரித்துக்கொண்டே இறங்குவான்.

"ஆஃப் பண்ண மாட்டேன் சார்."

"இன்னாது?"

"பண்ண மாட்டேன். எம் பொண்ணக் கேட்டுட்டு சொல்றேன்."

போனை எடுத்தார். இரண்டு முறை நம்பரைத் தப்பாக அழுத்தினார். மகள் ஹெப்சி சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது என்று போன் செய்பவர்களுக்கு வழி சொல்வதுதான் வேலை.

"இன்னாப்பா, இந்த நேரத்துல? அம்மா நல்லாருக்காங்கல்ல?"

"நல்லாருக்கா. ஒரு விண்டோ, பாப்பா. மினிமைஸ் பண்ணேன். திரும்ப வரல."

"ஹேங் ஆயிடுச்சா?"

"இல்ல. மத்ததெல்லாம் ஓடுது."

"நடுவுல யாராவது எதையாவது மாத்துனாங்களா?"

"படம் காட்டுற மெஷின் மாட்டுனாங்க. எழுத்தெல்லாம் பெருசாச்சு. இப்பவும் பெருசாத்தான் இருக்கு."

"அந்த விண்டோவ எங்க வெச்சிருந்த?"

"வலது பக்கம், கீழ் மூலையில."

"அதான்ப்பா. திரையோட அளவக் கம்மி பண்ணிட்டாங்க. விண்டோ அதோட பழைய எடத்துக்கே போய் நிக்குது. அந்த எடம் இப்ப திரைக்கு வெளிய இருக்கு. பட்டன் மேல ரைட் கிளிக் பண்ணு. மூவ்னு இருக்கா?"

"இருக்கு. மங்கலா இருக்கு. அமுங்கல."

"அப்ப ரெஸ்டோர அமுக்கு."

"அமுக்கிட்டேன். ஒண்ணும் வரல பாப்பா."

"வரலன்னாலும் வந்திருக்கு. இப்ப மறுபடி ரைட் கிளிக். மூவ்?"

"தெளிவா இருக்கு."

"அத அமுக்கு. மௌஸ விட்ரு, தொடாத. கீபோர்டுல இடது அம்புக்குறி. விடாம அமுக்கு. வரலன்னா மேல் அம்புக்குறியும்."

அழுத்தினார். இருபது முறை. முப்பது முறை. சம்பத் கிளாஸை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்து நின்றார். மேல் அம்புக்குறியையும் அழுத்தினார். திரையின் வலது ஓரத்தில் ஒரு சாம்பல் கோடு தெரிந்தது. கோடு பட்டையானது. விண்டோவின் ஒரு பக்கம் உள்ளே வந்தது. பிறகு எண்ணின் முதல் இலக்கம், ஒன்று. பத்தாக இருக்குமோ, பதினைந்தாக இருக்குமோ என்று நினைத்தபடி இன்னும் அழுத்தினார். அடுத்தது மூன்று. அதற்குப் பின்னும் ஓர் இலக்கம் வந்தது.

நூற்று முப்பத்தெட்டு.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூற்று நாற்பத்தொன்று ஆனது.

"அப்பா? வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்டியா?"

"மணி பதினொண்ணரப்பா. யாராவது இப்ப சாப்பிடுவாங்களா?"

"சரி. வெச்சிடு பாப்பா."

கீழே இருந்து காசி கூப்பிட்டான். "எவ்ளோணா? எறங்கலாமா?"

இன்பசேகரன் ஜன்னலுக்கு வந்தார். "நூத்தி நாப்பது."

பத்தைத் தொட்டாலே ஏற வேண்டும் என்பது காசிக்குத் தெரியும். சம்பின் விளிம்பிலிருந்து நாலடி தள்ளிப்போய், அப்படியே தரையில் உட்கார்ந்தான். பெருமாள் அவன் இடுப்புக் கயிற்றை அவிழ்க்கவே இல்லை. கையில் சுற்றிய சுற்றோடு பிடித்தபடி நின்றார்.

சம்பத் கண்ணாடியைக் கழற்றிப் பேண்ட்டில் துடைத்தார். "காசிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. என் வண்டியிலயே போங்க" என்றார். பிறகு, "அந்தச் சங்கு வயரு எங்கயிருக்கு?" என்று கேட்டார்.

காசி இரண்டு நாள் தலைவலியோடு படுத்திருந்தான். பிழைத்துக்கொண்டான். இன்பசேகரன் அன்றிரவு அடுப்பை நாலு தடவை திருகிப் பார்த்தார்.

சங்கைத் திரும்ப மாட்டினார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு அவர் பச்சைத் துண்டை ஆணியில் மாட்டவே இல்லை. ஆள் இறங்கினால், திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு ஜன்னலருகே நின்று, துண்டைக் கையிலேயே வெளியே நீட்டிப் பிடித்திருப்பார். கை மரத்தால் மறு கைக்கு மாற்றுவார். பார்வையாளர்கள் வந்தாலும் திரும்பமாட்டார். "அண்ணன் கைய எடுத்தா நான் ஏறிடுவேன்" என்பான் காசி.

ஐந்து வருடம் அப்படி நின்றார். 2008 ஆகஸ்டில், வேலை முடிந்து வந்த ஒரு மாலை, மாரடைப்பில் இறந்தார். உடம்பைக் கழுவும்போது வலது உள்ளங்கையில் பச்சைச் சாயம் ஒட்டியிருந்தது. லில்லி சோப்புப் போட்டுத் தேய்த்தாள். ஹெப்சியும் தேய்த்தாள். போகவில்லை. அப்படியேதான் பெட்டியில் வைத்தார்கள்.