அன்வர் பாஷா விற்கப் பார்த்த கிணறு

குர்ஷித் பேகம் கல்யாண வீடுகளுக்குச் சமைப்பவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் ஒரு நிக்காஹ் வீட்டில் அவள் வைத்த தால்ச்சாவில் பருப்பு கடைசிவரை வேகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனார்கள். குற்றம் அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீருடையது. அன்றிலிருந்து எங்கே சமைக்க ஒப்புக்கொண்டாலும் முதல் நாளே போய், அங்குள்ள தண்ணீரில் ஒரு பிடி துவரம்பருப்பை வேகவைத்துப் பார்த்துவிடுவாள்.

விஷயம் ஊருக்குள் பரவியது. ஓட்டலுக்கும் லாட்ஜுக்கும் மனை தேடுகிறவர்கள் அவளைக் கூட்டிப்போகத் தொடங்கினார்கள். அவள் உதட்டைப் பிதுக்கிய மனைகள் அப்படியே கிடந்தன. நிலத் தரகர் கண்ணாயிரம் தெருவில் அவளைக் கண்டால் காறித் துப்பிவிட்டுத்தான் நடப்பார்.

எண்பத்து மூன்றில் கீழ்பென்னாத்தூர்க்காரர் சக்கரபாணி வேர்க்கடலை விளைந்த மணிலாக் கொல்லையை விற்றுவிட்டு, செங்கம் ரோட்டில் சாப்பாட்டோடு லாட்ஜ் கட்ட இடம் தேடினார். கண்ணாயிரம் காட்டிய இடம் பிடித்துப்போயிற்று. அந்தம்மா வந்து பருப்பு வேகவைத்துச் சொன்னால்தான் அட்வான்ஸ் என்று சொல்லிவிட்டார். இடத்தை விற்பவன் அந்தம்மாவின் தம்பி அன்வர் பாஷா என்பது அவருக்குத் தெரியாது. கண்ணாயிரமும் சொல்லவில்லை.

ஒரு காலத்தில் அங்கே அவர்கள் அப்பாவின் தோல் பதனிடும் ஷாப்பு இருந்தது. சுண்ணாம்புத் தொட்டி ஆறு, ஆவாரம்பட்டை ஊறவைக்கிற தொட்டி நான்கு. ஷாப்பை மூடியபோது அன்வர் எல்லாவற்றிலும் செம்மண்ணைக் கொட்டி நிரவினான். குர்ஷித் கூடவே நின்று பார்த்தவள். புருஷன் போனபின் அவள் இருப்பது தம்பி வீட்டுப் பின்னறையில். அதனால் அன்வர் அக்காவிடம் அதிகம் பேசவில்லை.

"ஆபா, சட்டியில என்ன இருக்குதோ அத மட்டும் சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசின, ராத்திரிக்கு வேற எடம் பாத்துக்க."

அந்த இடத்துக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு இருபது நிமிஷத்தில் மலர்ந்து கரைந்தது. கண்ணாயிரம் வெற்றிலையை எடுத்து மடித்தார். சக்கரபாணி ஜிப்பாப் பைக்குள் கையை விட்டார். குர்ஷித் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். செங்கம் ரோட்டுக் கிணறு எதிலும் இவ்வளவு சீக்கிரம் வெந்து அவள் பார்த்ததில்லை. முந்தின நாள் தண்ணீர் லாரி ஒன்று இந்தப் பக்கம் இரண்டு நடை வந்து போனதைப் பார்த்திருக்கிறாள். சட்டியில் இருப்பதைச் சொன்னால் அது பொய்யாகாது. ராத்திரி படுக்க இடமும் இருக்கும்.

"இது ஏரித் தண்ணி. கெணத்த எறச்சிட்டு, ஊத்துத் தண்ணியில வேகவெச்சிப் பாருங்க" என்றாள்.

அன்வர் சிரித்தான். வீட்டில் பங்குத் தகராறு, சொத்தில் பங்கு கொடுக்காத ஆத்திரத்தில் அக்கா கெடுக்கிறாள் என்றான். இவள் விற்பவனின் அக்கா என்பதே சக்கரபாணிக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏமாற்றப்பட்டவரைப் போல மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் பேச்ச நம்பாதீங்க. நீங்க கொல்ல வெச்சிருந்தவரு. எஞ்சினப் போடுங்க."

பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆயில் எஞ்சின் வந்தது. மதியம் வரை ஓடியது. ஏரித் தண்ணீர் வடிந்ததும் அடியிலிருந்து பழுப்பாகச் சுரந்தது. ஊறிய தோலின் வாடையை அவள் பதினைந்து வயதுவரை உடம்பில் சுமந்தவள். அவள் மூக்கைப் பொத்தவில்லை. மற்றவர்கள் பொத்திக்கொண்டார்கள். மறுபடி அடுப்பு மூட்டி ஒரு மணி நேரம் கொதித்தும் பருப்பு பருப்பாகவே கிடந்தது. சக்கரபாணி ஒன்றைக் கடித்துப் பார்த்துத் துப்பினார்.

கிளம்பும்போது அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று அவள் எதிர்பார்த்திருக்கலாம்.

"கூடப் பொறந்தவனையே நடுத்தெருவுல நிக்கவெச்சிட்டீங்களேம்மா. உங்கள வீட்டுக்குள்ள சேக்கவே பயமா இருக்குது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனார்.

அவள் வீடு திரும்பியபோது அவளுடைய தேக்சாப் பாத்திரங்களும் துணி மூட்டையும் வாசலில் இருந்தன. தம்பி மனைவி நசீமா கதவைப் பாதி திறந்து, கரண்டி ஒன்று விட்டுப்போச்சு என்று அதையும் வெளியே வைத்தாள். குர்ஷித் குனிந்து எண்ணிப் பார்த்தாள். மூடி ஒன்று குறைந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள்.

கறிக்கடைச் சந்தில் ஓர் அறை கிடைத்தது. அன்வர் அடுத்த வருஷம் அந்த இடத்தை மரவாடிக்குப் பாதி விலையில் விற்றான். மரம் அறுக்கிறவனுக்குப் பருப்பு வேகவேண்டியதில்லை. கிணற்றைப் பலகை போட்டு மூடி மேலே தேக்குக் கட்டைகளை அடுக்கினார்கள்.

எண்பத்தாறில் சொந்தக்காரர் நிக்காஹ் ஒன்றுக்கு அவள்தான் சமையல். அன்வர் பந்தியில் உட்கார்ந்திருப்பதை அடுப்படியிலிருந்து பார்த்தாள். இரண்டு முறை தால்ச்சா கேட்டு வாங்கினான். கை கழுவினான். அடுப்படிப் பக்கம் திரும்பாமலே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.