கேட்டில் அப்பாவின் பெயர்

அப்பா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர். மருதானையில் ஒரு வெல்டிங் கடைத் தரையில் படுத்துத் தொழில் பழகி, பிறகு கொட்டாஞ்சேனையில் சொந்தக் கடை போட்டார். கேட், கிரில், கடைகளுக்கு ஷட்டர். அவர் செய்த கேட்டைத் தூக்கிக் கழற்ற எவராலும் முடியாது; கீலுக்கு மேலே ஒரு இரும்புத் துண்டை வைத்துப் பற்றவைத்துவிடுவார். கலவரம் பார்த்த ஊர். அந்த இரும்புத் துண்டுக்காகவே ஆட்கள் தேடி வந்தார்கள். யாருடைய ஷட்டராவது சிக்கிக்கொண்டால் மழையிலும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அப்படி ஓடி ஓடித்தான் மாநகர சபை உறுப்பினரானார்.

ஆனதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. தன் பெயரையும் பதவியையும் இரும்பில் வெட்டி, வீட்டு கேட்டில் மூன்று மொழியிலும் பற்றவைத்தார்.

"பெயின்ட்ல எழுதினா போதாதாப்பா?" என்று கேட்டேன்.

"பெயின்ட் அழிஞ்சிரும் புள்ள" என்றார் பெருமையாக.

பெட்ரோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருஷம் அது. ஒருநாள் பின்னேரம், அரசியல்வாதிகளின் வீடுகள் எரிகிற படங்கள் போனில் வரத் தொடங்கின. அப்பாவின் கட்சி அப்போது ஆளுங்கட்சியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மந்திரிகளைத் தேடுகிறவர்கள் சாக்கடைக் கானுக்கு மூடி போட்டுக் கொடுக்கிற ஆளையா தேடப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அடுத்த ரோட்டில ஒரு மெம்பர்ட வேனைக் கொளுத்திட்டாங்கள். இங்கால தான் வாறாங்கள். பேரைக் கழட்டுங்கோ!"

கழற்ற அது என்ன பலகையா? அப்பா கிரைண்டரை எடுத்து வந்தார், கரண்ட் இல்லை. இரும்பறுக்கும் வாளை எடுத்து அறுக்கப் பார்த்தார். விரலைத்தான் அறுத்துக்கொண்டார். கேட்டையே கழற்றி உள்ளே போடலாம் என்றேன். அவர் கீலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த கேட்டைக் காலால் உதைத்தேன்.

அம்மாதான் கட்டில் விரிப்பை உருவி வந்து கேட்டின் மேல் கட்டினாள். வெள்ளை விரிப்பு. பெயர் மறைந்தால் போதும் என்பதைத் தவிர எங்கள் யாருக்கும் வேறு நினைப்பு இல்லை. ஆனால் கொழும்பில் வெள்ளைத் துணி தொங்கினால் அது செத்த வீடு. எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்ததும் தலையிலடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். விளக்கிச் சொல்ல நேரமில்லை. சத்தம் சந்தி முனைக்கு வந்துவிட்டது. அப்பாவை அலுமாரிக்குப் பின்னால் தள்ளினேன். அவர் உடம்பு குளிர்ந்து போயிருந்தது.

கொளுத்துகிறவர்கள் தடிகளோடு வந்தார்கள். வாசலில் கூடியிருந்த அயலாரைக் கண்டு நின்றார்கள். முன்னால் வந்தவன், செத்தது யார் என்று சிங்களத்தில் கேட்டான். அம்மா முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள்.

"மகே மஹத்தயா" என்றாள். என் புருஷன்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "அநே" என்று இரக்கப்பட்டுச் சொல்லிவிட்டு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனான்.

உள்ளே போனபோது அப்பா அலுமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. சத்தம் சந்தி முனைக்கு வந்தபோதுகூட அவரை நான் அப்படிப் பார்க்கவில்லை. சாமித்தட்டிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து வந்து திறந்து நீட்டினார்.

"வச்சிக்க. தயவு செஞ்சி வச்சிக்க."

அம்மா வாசலைப் பார்த்தாள். பிறகு சிமிழை மூடினாள்.

"திரும்பி வந்தாங்கன்னா? நான் இப்படியே இருந்துக்கிறேங்க. நீங்க இருக்கணும்."