பென்சில் கரி

யுத்தத்தால் கப்பல் வரத்து நின்றுபோன கோடையில், நான் வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். என் கணவர் ஒதியம்பட்டில் ஒரு கரும்புத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் இஞ்சினை ஓட்டினார். இஞ்சினின் வால்வுத் தண்டு கடுமையாகச் சூடேறும். எண்ணெய் விட்டால் கருகிப் பிசினாகிவிடும். அதனால் கிராபைட் என்ற கரும்பொடியைத்தான் தடவுவார். அந்தப் பொடி தீர்ந்துபோய், டவுனிலும் கிடைக்கவில்லை. இஞ்சின் நின்றது, கரும்பு வாடியது.

"பென்சிலுக்குள்ள இருக்கறதும் அதாண்டி. உங்க இஸ்கூல்ல இருக்குதில்ல?" என்றார்.

"பரீட்சைக்கு வெச்சிருக்கறதுங்க அது."

"கரும்பு காஞ்சா என் வேலை போயிடும்."

மறுநாள், சாவி என்னிடம் இருந்த பள்ளி அலமாரியிலிருந்து இரண்டு டஜன் பென்சில்களை எடுத்து முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்தேன். இருவருமாக அவற்றைப் பிளந்து, கரியை இடித்துச் சலித்தோம். இஞ்சின் மூன்று நாள் நன்றாக ஓடியது. நாலாம் நாள் வால்வு இறுகிக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் தண்டு முழுக்கக் கீறல்.

"பென்சில் கரியில களிமண்ணு கலப்பாங்களாம். எனக்குத் தெரியாம போச்சேடி," என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

பாதிக் கரும்பு காய்ந்தது. அவர் வேலையும் போயிற்று. பரீட்சையன்று மூன்று பிள்ளைகள் ஒரே பென்சிலை மாற்றி மாற்றி வாங்கி எழுதினார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் தலைமைக் கன்னியரிடம் உண்மையைச் சொன்னேன்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேம்மா," என்றார். என்னை வேலையில் வைத்துக்கொண்டார். அலமாரிச் சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.