பாய்லருக்கும் எனக்கும் காதுகுத்து

எனக்குக் காது குத்தும்போது ஏழு வயது. அதற்கு முன்பே குத்தியிருக்க வேண்டும். ஒரு வருடம் உறவில் ஒரு சாவு, இன்னொரு வருடம் புயல் வந்து கடலூரையே கலைத்துப் போட்டது. இப்படித் தள்ளித் தள்ளிப் போனதில் ஒரு லாபம், அதற்குள் மாமா தன் இன்ஜினைச் செய்து முடித்திருந்தார்.

மாமா என் அம்மாவின் தம்பி. கடலூரை ஒட்டிய குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் பாய்லர் ஃபிட்டர். பகலெல்லாம் யானை யானையாகப் பாய்லர்களை மேய்த்துவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அதே ஜாதியில் ஒரு குட்டியை வளர்த்துக்கொண்டிருந்தார். தண்டவாளம் இல்லாமல் தெருவிலேயே ஓடும் நீராவி இன்ஜின். உயரம் என் நெஞ்சு வரை வரும். பின்னால் கோத்த வண்டியில் முன்பலகை எனக்கு, பின்பலகை அவருக்கு.

பாய்லரின் வயிற்றுக்குள் செம்பு ட்யூப்கள் உண்டு. தீயின் சூடு அவற்றின் வழியாக ஓட, சுற்றி நிற்கும் தண்ணீர் கொதிக்கும். துளை போட்ட தகட்டில் ட்யூப்பைச் செருகி, அதன் வாய்க்குள் உருளைகள் வைத்த ஒரு கருவியை விட்டுத் திருகுவார். ட்யூப் விரிந்து துளையைக் கப்பென்று கவ்விக்கொள்ளும். பசையும் இல்லை, ஆணியும் இல்லை. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இன்னா மாமா பண்றே?"

"காது குத்துறேன் பாப்பா. மொதல்ல இவளுக்கு, அப்புறந்தான் உனக்கு. ஓட்டையில தோடு ஆடக் கூடாது, அவ்ளோதான் வித்தை."

அவருடைய இடது முன்கையில் ஒரு சாண் நீளத்துக்கு முடியே இல்லாமல் தோல் பளபளவென்று இருக்கும். கேட்டால், "தொழில் பழகறப்ப ஆவி ஆசையா தடவிக் குடுத்துச்சு" என்பார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

முதல் தடவை அது ஓடியதை எப்படிச் சொல்ல? கரியைப் போட்டு மூட்டிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் முனகத் தொடங்கியது. வட்டக் கண்ணாடிக்குள் முள் தூக்கம் கலைந்தது போல் அசைந்தது. மாமா ஒரு பிடியை மெல்லத் தள்ளினார். புஸ்ஸென்று ஒரு மூச்சு, பிறகு இன்னொன்று. சக்கரம் திரும்பியது. யாரும் தள்ளவில்லை. வெந்நீரும் நெருப்பும் சேர்ந்து நடக்கின்றன! கோயிலில் திரை விலகும்போது கூப்பிக்கொள்வது போல என் கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன. மாமா சிரிக்கவில்லை. அவரும் அப்படித்தான் நின்றார்.

சிதம்பரத்தில் அப்பா வீட்டில் விழா. தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும், அவர் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். இன்ஜினே சீர்த்தட்டுகளை இழுத்துவரும், நான் முன்பலகையில் ராணி மாதிரி வருவேன் என்று மாமா வாக்குக் கொடுத்துவிட்டார். அதை நான் அத்தை பிள்ளைகளிடம் பத்து மடங்காக்கிச் சொல்லிவைத்தேன். அப்பாவின் அக்காவான அந்த அத்தை போனிலேயே அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"உன் தம்பி ரயில் உடறாராமே? புகை வருமா, இல்ல வாய்ப்பந்தல் மட்டுந்தானா?"

விழாவுக்கு முந்தின நாள் காலை மாமா பாய்லரைச் சோதனைக்கு வைத்தார். நெருப்பு கிடையாது. காற்றே இல்லாதபடி உச்சிவரை பச்சைத்தண்ணீரை நிரப்பி, எல்லா வழிகளையும் அடைத்து, கைப்பம்பால் அழுத்தினார். முள் வழக்கமான கோட்டைத் தாண்டிப் போனது.

"எதுக்கு மாமா தண்ணி?"

"தண்ணிக்குக் கோவம் வந்தா நம்மள நனைச்சிட்டுப் போயிடும். ஆவிக்கு வந்தா..." என்றவர் டார்ச்சை அடித்து அடுப்புக் கதவுக்குள் பார்த்தார். ஒரு ட்யூப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டது. துடைத்தார். மறுபடி திரண்டது. அழகாக, மூக்குத்திக் கல் மாதிரி.

"இத ஏற்கெனவே விரிச்சாச்சு. இன்னும் விரிச்சா தகடே போயிடும். புது ட்யூப் போட்டாத்தான் ஆவும்." புது ட்யூப் கையில் இல்லை.

அம்மா அழாத குறை. "ஒரு சொட்டுடா! அந்த வீட்டு ஜனம் முன்னாடி ஒரு சொட்டுக்காகவா என் மானத்த வாங்குவே?"

"வாங்கிட்டுப் போறேன்க்கா."

மறுநாள் இன்ஜின் மினி லாரியில் ஏறிச் சிதம்பரம் போயிற்று. தெருமுனையில் இறக்கினோம். பழம், பட்டுப்பாவாடை, தோடு என்று தட்டுகளைப் பின்வண்டியில் அடுக்கிய மாமா, இன்ஜினின் முகத்தில் ஒரு தாம்புக்கயிற்றைக் கட்டினார். என்னைப் பலகையில் உட்காரவைத்துவிட்டு, தோளில் கயிற்றைப் போட்டு இழுக்க ஆரம்பித்தார். "கூ..." என்று வாயாலேயே விசிலும் ஊதினார்.

"எங்கடி புகை?" என்று அத்தை மகன் கத்தினான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆனால் சிதம்பரத்துக்காரர்களின் கை ஒரு கயிற்றைக் கண்டால் சும்மா இருக்காது. தேர் இழுத்துப் பழகிய கை அது. முதலில் பிள்ளைகள் பிடித்தார்கள், பிறகு பெரியவர்கள், பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து பிடித்தார். இன்ஜின் ஆடி அசைந்து வீட்டு வாசலுக்கு வந்தபோது, அத்தை பழக்கத்தில் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டார். பிறகுதான் சுதாரித்து, "தாய்மாமனுக்கு மாடு வேலையும் தெரிஞ்சிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் உட்கார்ந்ததும் அவர் காதில் சொன்னேன்: "பயந்துட்ட மாமா நீ."

"ஆமா பாப்பா. ரொம்ப."

ஆசாரி கம்பியோடு வந்தார். மாமா என் தலையைத் தன் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். கம்பிக்குத்தான் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறு மாதமே ட்யூப் மாற்றி இன்ஜின் ஓடியது. இன்றும் ஓடுகிறது. போன பொங்கலுக்கு என் மகளை அதே முன்பலகையில் உட்காரவைக்கக் குனிந்தேன். அவள் உயரத்துக்கு என் கண் இறங்கியபோதுதான் பார்த்தேன். பலகைக்கு நேரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் திறந்து கிடந்த அடுப்புக் கதவு. அதற்குள், அன்றைக்குச் சொட்டு திரண்ட அதே துளையில் மாற்றிய ட்யூப்பின் வாய், குழந்தையின் முகத்தைப் பார்த்தபடி இருந்தது.

மகளை அப்படியே தூக்கிக்கொண்டேன். "மாமா, தண்ணி வச்சுப் பாத்தாச்சா?"

"பாக்காம உக்கார வைப்பேனா பாப்பா?" என்றார்.