அண்ணி சொன்ன சாட்சி

என் அண்ணன் மிஷனெரி. அதை ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அண்ணியைப் பற்றிக் கேட்டால் மட்டும் "மிஷனெரியோட மனைவி" என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். நான் அண்ணியின் இரண்டாவது பிரசவத்துக்கு ஒத்தாசையாக இந்த நாட்டுக்கு வந்தவள். குழந்தை பிறந்து, நடந்து, பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டது. "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயேன்" என்று அண்ணி சொன்ன அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. ஆகவே இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியுள்ளவர் கிடையாது. அண்ணன் ஊருக்கு அனுப்பும் ஊழியச் செய்திகளில் என் பேர் ஒரு தடவைகூட வந்ததில்லை என்பதையும் கையோடு சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். இரண்டு அறை, ஒரு கூடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சோபாவைச் சுவரோரம் தள்ளி, மடக்கு நாற்காலிகளை விரித்தால் கூடம் சபையாகிவிடும். மதியம் நாற்காலிகளை மடக்கினால் மறுபடியும் வீடு. சபை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தையல்காரர், அவர் மனைவி, பேருந்தில் சீட்டுக் கொடுக்கும் கண்டக்டரம்மா, முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், அவரவர் பிள்ளைகள், மழை பெய்தால் ஒதுங்க வருகிற ஒரு தபால்காரர். இவ்வளவு பேருக்கும் அண்ணன் மைதானத்தில் நிற்பதுபோலப் பிரசங்கம் பண்ணுவார். ஜெபம் பண்ணினாலோ தெருவில் போகிறவர்கள் நின்று மாடியைப் பார்ப்பார்கள். நல்ல மனிதர். கோபமே வராது. அவர் பங்குக் கோபத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு நான் பிறந்திருக்கிறேன்.

அண்ணி ஊரில் நர்ஸ். ஒரு வார்டையே கட்டி மேய்த்தவர். இங்கே அந்தப் படிப்பு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் காலையில் குடும்ப ஜெபத்துக்கு எல்லோரையும் எழுப்புவது (ஜெபம் முடியாமல் காப்பி கிடையாது), ஞாயிறன்று கீபோர்டு வாசிப்பது, நாற்காலி துடைப்பது, சபையில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோவது என்று நாட்கள் ஓடின. வாய் ஓயாமல் வசனம் சொல்கிற ரகம் இல்லை. நோயாளியின் படுக்கையைத் தட்டிப் போட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வந்துவிடுவார். என்னைக் கேட்டால் அந்த வீட்டில் ஊழியம் பண்ணியது அண்ணிதான்.

கீழ்த்தளத்தில் ஒரு சலவைக்கடை. தங்கும் விடுதிகளிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்ப வேண்டும். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு ஆள் தேவை. நாங்கள் வந்த புதிதில் ஒரு நாள் கடைக்காரியின் உதவியாள் வரவில்லை. அவள் ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு தனியாக மல்லுக்கட்டுவதைப் பார்த்த அண்ணி, காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தார். அதிலிருந்து மத்தியானம் ஆனால் அண்ணி கீழேதான். அண்ணன் இந்த நாட்டு மொழியை இலக்கணத்தோடு பள்ளியில் படித்தார். அண்ணி கற்றது அந்த இஸ்திரி மேஜையில். இழு, விடு, இந்தப் பக்கம் என்று ஆரம்பித்து, கொஞ்ச நாளில் மாமியாரைக் குறை சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டார். அதாவது என் அம்மாவை. அவர்கள் பேசிக்கொண்டதை நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

கடைக்காரி சபைக்கு வரமாட்டாள். "உன் புருஷன் பேசறது எனக்குக் கீழயே நல்லாக் கேக்குது. மேல வேற ஏறி வரணுமா?" என்பாள். அண்ணி சிரிப்பாரே தவிர வற்புறுத்தியதில்லை. ஊருக்கெல்லாம் ஊழியம் என்று வந்த இடத்தில், தனக்கென்று அண்ணிக்குக் கிடைத்தவள் அவள் ஒருத்திதான். சபைப் பெண்களிடம் தலைவலி என்று சொல்லிவிட முடியாது, உடனே தலையில் கைவைக்க வந்துவிடுவார்கள். கடைக்காரியிடம் எதையும் சொல்லலாம். அண்ணி அவளிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு.

அது அண்ணியின் மூத்த மகன், பெரியவனைப் பற்றியது. அவனை ஊரில் இறையியல் கல்லூரியில் சேர்த்திருந்தோம். ஒரு நாள் போனில் அண்ணியிடம், "என்னால முடியலம்மா. எனக்கு நம்பிக்கை வரல. இல்லாததை இருக்குன்னு மேடையில நின்னு சொல்லமாட்டேன். காலேஜை விட்டுட்டேன்" என்றான். ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். "அப்பாகிட்ட நீ சொல்லிடு. மத்தவங்களுக்கு நானே நேர்ல வந்து சொல்றேன்" என்றும் சொன்னான். கேட்டவுடன் முழங்காலில் விழுந்த அண்ணன் எழுந்திருக்க வெகு நேரமாயிற்று. ஆனாலும் அடுத்த ஞாயிறு "உமது ஊழியத்துக்காக ஆயத்தமாகிற என் மகன்" என்றுதான் ஜெபித்தார். திரும்பி வந்துவிடுவான் என்று நம்பினார், பாவம். விஷயம் தெரிந்தால் எங்களை இங்கே அனுப்பிய மிஷனெரி சங்கம் திரும்ப அழைத்துக்கொள்ளும் என்ற பயமும் இருந்தது. அண்ணியும் நானும் ஆமென் சொன்னோம். வாராவாரம் சொன்னோம். பெரியவன் போன் பண்ணுவது தேய்ந்து தேய்ந்து, பிறந்தநாளுக்கு மட்டும் என்று ஆனது.

கடைக்காரியின் புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறான் என்றுதான் தெருவே நினைத்திருந்தது. அவள் மகளும் அப்படியே நம்பினாள். எங்கள் சின்னவளும் அவளும் ஒரே வகுப்பு. அந்தப் பெண் கப்பல் படமாக வரைந்து தள்ளுவாள். ஒரு மத்தியானம் விரிப்பை மடித்துக்கொண்டிருக்கும்போது கடைக்காரி அண்ணியிடம் சொன்னாள்.

"அவன் கப்பல்ல இல்ல. ஜெயில்ல இருக்கான். வேலை பாத்த குடோன்லயே திருடி மாட்டிக்கிட்டான். உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. பொண்ணுக்கு வெவரம் வந்ததும் நானே பக்குவமா சொல்லிக்கறேன்."

அண்ணிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அண்ணன் என்னவென்று கேட்டார். அண்ணி சொன்னார். "அவளுக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார். எங்கள் வீட்டில் மனசில் ஒரு பாரம் என்றால் இறக்கி வைக்க அந்த ஒரு வழிதான் உண்டு.

அண்ணன் ஜெபம் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை, கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது. "கர்த்தாவே, இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கண்ணீரோடு உழைக்கிற சகோதரியை நினைத்தருளும். சிறையில் இருக்கிற அவள் கணவனைச் சந்தியும்." பேர் சொல்லவில்லையே என்று பிற்பாடு கேட்டார். பேர் எதற்கு? கீழ்த்தளத்தில் இருக்கிற சகோதரி ஒருத்திதான். தான் கண்ணை மூடிக்கொண்டால் மற்றவர்களுடைய காதும் மூடிக்கொள்ளும் என்று அந்த மனிதருக்கு நினைப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு நாற்காலியையே தூக்கி எறிந்திருப்பேன்.

ஆமென் சொன்ன வாயின் ஈரம் காய்வதற்குள் செய்தி படியிறங்கிவிட்டது. இதில் கெட்டவர்கள் என்று யாருமில்லை. கண்டக்டரம்மா பேருந்தில் ஏறிய தோழியிடம் "பாவம், நீயும் ஜெபம் பண்ணிக்கோ" என்றுதான் சொன்னார். அந்தத் தோழியும் இன்னொருத்தியிடம் அதையேதான் சொல்லியிருப்பாள். அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பிள்ளை, கடைக்காரி மகள் வரைந்த கப்பலை வாங்கி, அதன்மேல் கம்பி கம்பியாகக் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தது. சின்னவள் வந்து இதைச் சொன்னதும் அண்ணி எச்சில் கையோடு கீழே ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கடைக்காரி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நான் உன்கிட்ட சொன்னேன்" என்றாள். "உங்க சாமிகிட்ட சொல்லல. உன் புருஷன்கிட்ட சொல்லல. என் பொண்ணு என்னைப் பொய்க்காரின்னு சொல்லிட்டு உள்ள போய்ப் படுத்திருக்கா. நான் என்ன பதில் சொல்லட்டும், நீயே சொல்லு."

அண்ணி கையைப் பிடிக்கப் போனார். அவள் இரும்புக் கதவைச் சரசரவென்று இறக்கிவிட்டாள்.

மாடியில் அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "நான் ஜெபம்தானேம்மா பண்ணேன்?"

"உங்களைச் சொல்லிக் குத்தமில்லைங்க" என்றார் அண்ணி. "நான் உங்ககிட்ட சொல்லியிருக்கவே கூடாது."

அதைக் கேட்டதும் அண்ணன் முகம் செத்துவிட்டது. மறுநாள் அவரே மன்னிப்புக் கேட்கக் கீழே போனார். "துவைக்கத் துணி இருக்கா? இல்லன்னா வழி விடுங்க" என்று அனுப்பிவிட்டாள். அண்ணி தினமும் போய் நின்றார். கடைக்காரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விரிப்பைத் தாடையில் இடுக்கித் தனியாகவே மடித்தாள். அந்த வாரம் அண்ணி கஞ்சி காய்ச்சினால் உப்பில்லை, பாட்டு வாசித்தால் சுருதியில்லை. நல்லது பண்ண வந்த இடத்தில் ஒரு குழந்தையின் அப்பாவைப் பிடுங்கிவிட்டோமே என்று என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதார்.

அடுத்த ஞாயிறு. பாட்டு முடிந்து, யாராவது சாட்சி சொல்லலாம், கர்த்தர் தங்களுக்குச் செய்ததை எழுந்து சொல்லலாம் என்று அண்ணன் அழைத்தார். வழக்கமாகத் தையல்காரர்தான் எழுந்து தன் முதுகுவலி தீர்ந்ததைச் சொல்வார். அன்றைக்குக் கீபோர்டை விட்டு அண்ணி எழுந்தார்.

"போன வாரம் கீழ்வீட்டுக் கதை எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. எங்க வீட்லயும் அப்படி ஒரு கப்பல் இருக்கு. எங்க பெரியவன் காலேஜ்ல இல்ல. விட்டுட்டு ரொம்ப நாளாச்சு. அச்சகத்துல வேலை பாக்கறான். அவனுக்கு விசுவாசம் இல்லன்னு சொல்லிட்டான். அதை மறைச்சுட்டு உங்களையெல்லாம் வாராவாரம் ஆமென் சொல்ல வெச்சோம். ஒருத்தியோட ரகசியத்தை வெளிய விட்டுட்டு எங்களோடதை மட்டும் பூட்டி வெச்சிருக்கறது நியாயமில்ல. அதை வெளியில சொன்னவங்க இதையும் சொல்லிடுங்க."

தையல்காரர் பழக்கதோஷத்தில் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அண்ணன் வேதாகமத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். ஆனால் தடுக்கவில்லை. அதற்காக அவரை எனக்கு அன்றைக்குப் பிடித்தது. அண்ணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எழுந்து நின்று கை தட்டலாமா என்றிருந்தது எனக்கு. சங்கம் திரும்ப அழைத்தால் அழைக்கட்டும், மூட்டை கட்டிக்கொள்ளலாம் என்று மனசு பறந்தது.

மறுநாள் மத்தியானம் நாங்கள் கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது கடைக்காரி தானாகவே கூப்பிட்டாள். நான் அண்ணியின் பையை வாங்கிக்கொண்டேன்.

"கேள்விப்பட்டேன்" என்றாள். "எனக்காகவா சொன்ன?"

"ஆமா."

"உன் பையன் அதை உன்னை நம்பித்தானே சொன்னான்?"

"ஆமா."

"சொல்லட்டுமான்னு அவன்கிட்ட கேட்டியா?"

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். மற்றவர்களுக்கு நானே நேரில் வந்து சொல்கிறேன் என்று அவன் சொன்னது எங்கள் இருவருக்கும் அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது.

"உங்க வீட்டு விஷயத்தைச் சொன்னதா நீ நெனச்சுட்ட" என்றாள் கடைக்காரி. "அது உன்னோடது இல்ல. அவனோடது." அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

மாடிக்கு வந்ததும் அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தார். அண்ணன் கூடத்தில்தான் இருந்தார். பெரியவன் எடுத்ததும், சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை.

"நேத்து சபையில எல்லார் முன்னாடியும் உன்னைப் பத்திச் சொல்லிட்டேன்பா. உன்னைக் கேக்காம சொல்லிட்டேன். என் மனசு ஆறணும்னு சொன்னேன். தப்புப் பண்ணிட்டேன்."

அதற்குமேல் அண்ணி பேசவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். நடுநடுவே "சரிப்பா" என்றார். கடைசியில் போனைக் கீழே வைத்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னான்?" என்றார் அண்ணன்.

"இது ஒண்ணையாவது எனக்குன்னு விட்டு வெச்சிருக்கலாமேம்மான்னு கேக்கறான். அவனாக் கூப்பிடற வரைக்கும் நம்மளைக் கூப்பிட வேண்டாம்னு சொல்லிட்டான்."

எனக்கு அழுகை பீறிக்கொண்டு வந்தது. அண்ணனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஜன்னலோரம் அப்படியே முழங்கால் போட்டுக் கைகளைக் குவித்து, "கர்த்தாவே, என் மகன்" என்று பெரிய குரலில் ஆரம்பித்தார்.

அண்ணி எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தார்.

"ஏங்க, வேண்டாங்க. மனசுக்குள்ளயே பண்ணுங்க."

அண்ணன் திரும்பி அண்ணியைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். முதலில் உதடு அசைந்தது, அப்புறம் அதுவும் நின்றது. கீழே இஸ்திரிப் பெட்டியின் நீராவிச் சத்தம் மேலே கேட்டது. அவர் வாய் திறக்காமல் அவ்வளவு நேரம் இருந்து நான் பார்த்ததே இல்லை. எழுந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. என்ன ஜெபித்தார் என்று எனக்குத் தெரியாது. அண்ணிக்கும் தெரியாது. நாங்கள் கேட்கவும் இல்லை.