அண்ணனுக்கு வாங்கிய பழைய டேப்லெட்

அந்த டேப்லெட்டின் முதுகில் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. ஊரடங்குக் காலத்தில் யாரோ தங்கள் பிள்ளையின் படிப்புக்காக வாங்கியது போலிருக்கிறது. பெயரைச் சுரண்டிவிட்டிருந்தார்கள். வகுப்பு மட்டும் பாதி தெரிந்தது. தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில், பழைய செல்போன்களை வாங்கி விற்கும் கடையின் கண்ணாடி மேசைமேல் அது கிடந்தது. பக்கத்திலேயே பெட்டி பிரிக்காத புதியது ஒன்று. ஆடித் தள்ளுபடி என்று வாசலில் துணி கட்டியிருந்தார்கள். பழையதை எடுப்பதா, புதியதை எடுப்பதா என்று தெரியாமல் மூன்று பேர் நின்றோம். நான், என் அண்ணன், அண்ணி. வாங்குவது அண்ணனுக்காக. சேலத்து மருத்துவமனையில், புற்றுநோய்க்காக அவன் தொண்டையை அறுத்துக் குரல்வளையை எடுத்திருந்தார்கள். கழுத்தில் ஒரு துளை. அதன் வழியாக மூச்சு மட்டும் வரும், பேச்சு வராது.

குரல் போனவன் யார் என்று தெரிந்தால்தான் போனது எது என்று விளங்கும். என் அண்ணன் காரிமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகன். ஆட்டுக் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் அவன் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும் என்பார்கள். கர்நாடகத்திலிருந்து வரும் வியாபாரிகளிடம் கன்னடத்தில் கேலி பேசுவான், எங்கள் ஊர்க்காரர்களிடம் உறவு முறை சொல்லி மடக்குவான். மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்ப்பான், சுழி பார்ப்பான், வாலைத் தூக்குவான், நாலு எட்டு நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பான். பிறகு சொல்வான், “இது இன்னும் ரெண்டு ஈத்து தாங்கும், வாங்குங்க,” அல்லது, “மனசு கேக்கலீன்னா புடிங்க, ஆனா நாளு அதிகமில்ல.” தரகர்கள் எல்லாரும் பொய் பேசுவார்கள், என் அண்ணனும் நன்றாகவே பேசுவான். பால் எத்தனை லிட்டர் என்பதில் பேசுவான், மாடு சாதுவா முரடா என்பதில் பேசுவான். வயதில் மட்டும் பேச மாட்டான். அது ஏன் என்று கேட்டால் சிரிப்பான்.

ஆனால் இவ்வளவு சத்தம் போடுகிறவன், விலை என்று வந்துவிட்டால் வாயைத் திறக்க மாட்டான். எங்கள் பக்கத்துச் சந்தையில் மாட்டு விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகன் தோள்துண்டை எடுத்து, வாங்குகிறவன் கைமேல் போட்டு, அதற்குள் அவன் விரல்களைப் பிடிப்பான். பிடித்த விரல்தான் கணக்கு. வாங்குகிறவன் கட்டாது என்றால், துண்டுக்குள்ளேயே இவன் விரலைக் குறைத்துப் பிடிப்பான். சுற்றி நிற்கிற ஜனத்துக்கு ஒன்றும் தெரியாது, இரண்டு பேர் முகத்தைத்தான் பார்க்க முடியும். பேரம் முடிந்தால் துண்டு மறுபடியும் தோளுக்குப் போய்விடும். இளவட்டமாக இருந்த காலத்தில் அண்ணன் வீட்டில் இதை எனக்கும் கற்றுக்கொடுத்திருந்தான். சந்தையில் அன்றைக்கு என்ன விலை படிந்தது என்பதை அம்மா எதிரிலேயே என் கைமேல் துண்டைப் போட்டுச் சொல்வான். “பொட்டப் புள்ளைக்கு மாட்டுத் தரகு சொல்லித் தரியா? நாளைக்கு இவள எவன் கட்டிக்குவான்?” என்று அம்மா கத்துவாள். ஒருத்தன் கட்டிக்கொண்டான். நானும் பாலக்கோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குப் போனேன்.

அந்த வேலையில் இருந்ததால்தான் எல்லாம் என் தலையில் விழுந்தது. அறுவைக்குப் பிறகு அண்ணன் சில மாதம் நன்றாகத்தான் இருந்தான். பிறகு கழுத்தில் மறுபடியும் வீக்கம். முடிவுகளைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, இருந்தாலும் மருத்துவர் வாயால் கேட்கவேண்டும் என்று நின்றேன். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தீபாவளி பாத்துடுவாரும்மா. பொங்கலை என்னால சொல்ல முடியாது,” என்றார். நான் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி மருத்துவமனை வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அன்னைக்கே பாதி உசுரு போயிடும். நீயும் வாயத் தெறக்காத.” எங்கள் ஊர்களில் இது வழக்கம்தான். டீக்கடை வரைக்கும் தெரிந்திருக்கும், படுத்திருக்கிறவனுக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம், “புண்ணு ஆறிடும், பயப்படாத,” என்று சொல்லிவிட்டு, வாசலுக்கு வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போவான். நானும் அதையேதான் செய்தேன். சிரித்த முகத்தோடு பொய் சொல்வது மாதிரி உடம்பு வலிக்கிற வேலை வேறு கிடையாது.

பேச்சுக்கு என்ன செய்வது என்பதுதான் அவனுக்கு அப்போது பெரிய கவலை. தொண்டையில் வைத்துப் பேசுகிற கருவி வீக்கத்தால் பிடிக்கவில்லை. சிலேட்டில் எழுதுவான், அவன் எழுத்து அவனுக்கே விளங்காது. செல்போனில் எழுத்தைத் தொட்டால், அந்தத் தடித்த விரலுக்கு மூன்று எழுத்து ஒன்றாக விழும். ஆத்திரத்தில் ஒருநாள் போனைக் கட்டிலில் எறிந்தான். அண்ணி எதைச் சொன்னாலும் கையை வீசுவான், அவளுக்குப் புரியாது, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண்தான், பெரிய திரையுள்ள டேப்லெட் வாங்குங்கள், தமிழில் தட்டினால் அதுவே படித்துச் சொல்லும் என்றாள். அப்படித்தான் நாங்கள் அந்தக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. “பழசு வேணாங்க,” என்றார். “இனிமே இதுக்கு அப்டேட் வராதுங்க. பேட்டரி பாதி செத்துடுச்சு. இப்ப தமிழ் படிக்கும், நல்லாவே படிக்கும். ஆனா போவப் போவ ஒண்ணொண்ணா நின்னுடும். வருசம் ஒண்ணு ஓடுனாலே பெருசுங்க.” அண்ணன் அதற்குள் பழையதைக் கையில் எடுத்திருந்தான். திருப்பினான், மூலைகளைத் தடவினான், முதுகில் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்டான், சார்ஜ் போடுகிற துளையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். “வாயப் பொளந்து பல்லு பாக்க மட்டுந்தான் பாக்கி,” என்றேன் நான். அண்ணி சிரித்தாள், கடைக்காரரும் சிரித்தார். அண்ணன் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரிப்பது அவனுக்கு அப்போது பழகியிருந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கடைக்காரர் கேட்டார். “எத்தினி வருசத்துக்கு வேணும்னு சொன்னீங்கன்னா, எத எடுக்கறதுன்னு நானே சொல்லிடுவேங்க.”

வியாபாரத்தில் எல்லாரும் கேட்கிற கேள்விதான். பழையது போதும் என்று நான் சொன்னால், என் வாயாலேயே அவனுக்கு நாள் குறித்த மாதிரி ஆகும். “பத்து வருசமாச்சும் ஓடணுங்க. புதுசே குடுங்க,” என்றேன், கொஞ்சம் அதிகச் சத்தமாகவே. அண்ணியும் சேர்ந்துகொண்டாள். “ஆமாங்க, புதுசே எடுத்துடுங்க. நாளைக்குப் பேரன் பேத்தியெல்லாம் அவருகிட்டப் பேச வேணாங்களா?” சொல்லிவிட்டு, உறைகள் தொங்குகிற பக்கம் நகர்ந்து எதையோ தேடுகிற மாதிரி திரும்பி நின்றாள். அவள் ஏன் திரும்பினாள் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் தோளிலிருந்து துண்டை எடுத்தான். முகம் துடைக்கப் போகிறான் என்று நினைத்தேன். அதை என் வலது கைமேல் போட்டு, உள்ளே கையைவிட்டு, என் ஐந்து விரலையும் சேர்த்து ஒருமுறை அழுத்தினான். விலை சொல்கிறானாக்கும் என்று அவன் முகத்தைப் பார்த்தேன். கடைக்காரருக்கு முதுகைக் காட்டி நின்று, என்னைப் பார்த்து உதட்டை மெதுவாக அசைத்தான். மாசம். சத்தம் இல்லாவிட்டாலும் நன்றாகத் தெரிந்தது. எங்கே நான் தப்பாக எடுத்துக்கொள்வேனோ என்று இன்னொரு தடவையும் அசைத்தான். ஐந்து மாதம். ஆடியிலிருந்து எண்ணினால் மார்கழி.

அப்போது நான் செய்தது இதுதான். நான் பேரம் பேசினேன். அவன் கையைப் பற்றி ஐந்து விரலையும் அழுத்தினேன், விட்டு மறுபடியும் அழுத்தினேன். பத்து. அவன் கட்டாது என்று தலையை ஆட்டினான். ஐந்தை அழுத்திவிட்டு இரண்டு விரல் பிடித்தேன். அதற்கும் ஆட்டினான். ஒரே ஒரு விரல், ஐந்தோடு ஒன்று கூட்டு என்று அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சந்தையில் அவன் அப்படிப் பிடிவாதக்காரன் இல்லை. படியவேண்டும் என்றால் ஒரு விரலாவது ஏறுவான், ஒரு விரலாவது இறங்குவான். அன்றைக்குத் தங்கச்சி கேட்கிறாளே என்று ஒரு விரல்கூடத் தரவில்லை. சுண்டுவிரலை என் பிடியிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டு, என் ஐந்து விரலையும் கடைசியாக ஒருமுறை அழுத்தினான். துண்டு தோளுக்குப் போய்விட்டது. பிறகு திரும்பி, புதிய பெட்டியைக் கடைக்காரர் பக்கம் தள்ளிவிட்டு, பழையதன்மேல் உள்ளங்கையை வைத்தான்.

“ஐயே, இந்த மனுசன் எப்பவும் இப்பிடித்தாங்க. தனக்குன்னா காசு எடுக்க மனசே வராது,” என்றாள் திரும்பி வந்த அண்ணி. கடைக்காரர் என்னைப் பார்த்தார். “பழசே குடுத்துடுங்க,” என்றேன்.

அந்த டேப்லெட்டின் குரல் ஒரு பெண்ணின் குரல். செய்தி வாசிக்கிறவர்களின் தமிழ். “யாரு இவ, எம்புருசன் வாயில வந்து பூந்துகிட்டா?” என்று அண்ணி முதல் நாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் அண்ணியிடம் முதலில் கேட்டது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாயா என்பது. அந்த நகரத்துப் பெண்ணின் குரலில் அது வந்ததும் அண்ணிக்குச் சிரிப்பு அழுகையாக மாறிவிட்டது. பேட்டரி மத்தியானமே தீர்ந்துவிடும். அதனால் கட்டிலோரத்து பிளக்கில் ஒயரை மாட்டியபடியேதான் பேசுவான். முளைக்குச்சியில் கட்டிய மாடு மாதிரி ஆகிவிட்டேன் என்று அதையும் தட்டிக் காட்டுவான்.

கொஞ்ச நாளில் அவன் வேறு பேச்சைத் தொடங்கினான். தை பிறந்ததும் மாட்டுக்கொட்டகைக்கு ஓடு மாற்றவேண்டும் என்பான். அடுத்த வருடம் ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரும் ஒகேனக்கல் போகலாம், இந்த வருடந்தான் முடியாமல் போய்விட்டது என்பான். கன்றுக்குட்டியை விற்காதே, அது ஈன்றதும் பால் யாருக்கு ஊற்றுவது என்பதைக்கூடப் பேசி முடிவு செய்தான். அண்ணி ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்பாள். பிறகு அடுப்பங்கரைக்கு வந்து, “பாத்தியா பாப்பா, மனுசனுக்கு ஒண்ணும் தெரியல,” என்று என் காதில் சொல்வாள். சொந்தக் குரலில் அவன் இதையெல்லாம் சொல்லியிருந்தால் அவள் கண்டுபிடித்திருப்பாள். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவளுக்குப் புருஷன் குரலில் எது பொய் என்று தெரியாதா? அந்த மெஷினின் குரல் தடுமாறவே இல்லை. வயதில் பொய் சொல்லாத தரகன், கடைசியில் தன் வயதிலேயே பொய் சொன்னான்.

அண்ணி சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்த ஒரு சாயங்காலம் நான் அவனிடம் கேட்டேன். “எப்படிண்ணா தெரியும்?” அவன் கொட்டகைப் பக்கம் பார்த்தான். மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி தன் பல்லைத் தொட்டுக் காட்டினான். “பயமா இருக்குதா?” என்றேன். கேட்டிருக்கக் கூடாதுதான், ஆனால் யாராவது ஒருத்தர் கேட்க வேண்டாமா? அவன் என்னைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினான். ஒருமுறை ஆட்டியவன் நிறுத்தவில்லை. கழுத்துத் துளையில் மூச்சு சீறிக்கொண்டு வந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு டேப்லெட்டை எடுத்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுதிக் காட்டினான். அவளுக்குத் தெரிய வேணாம். நான் படித்ததும் அழித்துவிட்டான்.

மார்கழி முடிவதற்குள் போய்விட்டான்.

வருடம் திரும்பி, திதி கொடுத்த அன்றைக்கு அண்ணி பீரோவிலிருந்து அந்த டேப்லெட்டை எடுத்து வந்தாள். சார்ஜில் போட்டதும் விழித்துக்கொண்டது. வருடம் ஒன்று தாங்கினாலே பெரிது என்றார் கடைக்காரர், அது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. “இத யாராச்சும் வாங்குவாங்களா? சும்மா கெடக்குது,” என்றாள். பழசு, விலை வராது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அவள் திரையைப் புடவைத் தலைப்பால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஒண்ணுதான் பாப்பா எம்மனசுக்கு ஆறுதலு. கடைசி வரைக்கும் அந்த மனுசனுக்குத் தெரியாமயே பாத்துக்கிட்டோம். தெரிஞ்சிருந்தா பயந்தே செத்திருப்பாரு.”

“ஆமாங்க அண்ணி,” என்றேன்.

அவள் நிம்மதியாக எழுந்து காபி போடப் போனாள். பாவிப்பயல், என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். என் அண்ணன் பயந்துகொண்டேதான் செத்தான் என்பதை இனி நான் யாரிடம் சொல்லி அழுவது?