விருப்பம் குறைவான வீடு

மனைவி கட்டிலை விட்டு எழும்பாமல் போன வருடத்தில்தான் மகளின் பள்ளிக்கூடம் பெற்றோரை அளக்கத் தொடங்கியது.

மகளுக்கு அப்போது ஏழு வயது. பாரிசின் லா சப்பலில், ரயில் பாதைகளைப் பார்த்தபடி இருக்கும் ஒரு பழைய கட்டிடத்தின் நாலாம் மாடியில் இருந்தோம். நான் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் சமையல் வேலை. மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து வெளியே வர நாலு மணி ஆகிவிடும். ஆறு மணிக்கு முதல் திரும்பப் போய் நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் மெத்ரோ ரயில் பிடித்து வந்து, சோறு வைத்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடுவேன்.

மனைவிக்கு ஏழாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளை இறந்துபோனது. ஆஸ்பத்திரியால் வந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். முதல் கிழமை அது இயல்பு என்று நினைத்தேன். பிறகு மாதம் போனது. அதற்கு முன் அவள்தான் மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவாள். பாகற்காய் வாடிக் கிடந்தால் கடைக்காரரோடு நின்று நியாயம் பேசுவாள். இப்போது குளிப்பதற்குக்கூட நான் கையைப் பிடித்து எழுப்ப வேண்டியிருந்தது. சில நாட்களில் எழும்பவே மாட்டாள். கண் திறந்திருக்கும், ஆனால் என்னைப் பார்க்காது.

கேட்டவர்களுக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பை அசைக்க ஏலாது என்று சொன்னேன். எங்கள் ஆட்களுக்குள் மனநோய் என்ற சொல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் வெளியே போகாது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தாய்க்குத் தலை சரியில்லை என்று தெரிந்தால் அரசாங்கம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று வேலையிடத்திலும் கடைகளிலும் கேட்ட கதைகள் எத்தனையோ. அதனால் மகளை முன்னால் இருத்திச் சொன்னேன்.

"அம்மாவுக்குச் சுகமில்லை எண்டு வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. பள்ளிக்கூடத்திலையும் சொல்லக்கூடாது."

"ஏன் அப்பா?"

"சொன்னால் உன்னைக் கொண்டுபோடுவாங்கள்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மேல்மாடியில் இருந்த அக்கா ஒருவர் தன் பிள்ளைகளோடு மகளையும் கூட்டிப்போய்க் கூட்டி வந்தார். மற்றதெல்லாம் மகள் தானே பார்த்துக்கொண்டாள். பையை அடுக்கினாள். நீச்சல் நாளை நினைவில் வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் இடையில் போய்வரும் கொப்பியில் ஏதாவது ஒட்டி வந்தால், "இதிலை வையுங்கோ" என்று விரலால் காட்டுவாள், நான் கையெழுத்து வைப்பேன். என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. என்னுடைய பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. சூடு, கெதி, கத்தி, தட்டு, இரண்டு மீன். அதற்குள் என் உலகம் முடிந்துவிடும்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்துக்குப் புது அதிபர் வந்திருந்தார். எந்த வீட்டுப் பெற்றோர் பிள்ளையின் படிப்பில் எவ்வளவு சேர்ந்து நிற்கிறார்கள் என்று பார்த்து, பின்னுக்கு நிற்கும் வீடுகளுக்கு உதவ வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம்தான், நான் மறுக்கவில்லை. கூட்டங்களுக்கு வந்தார்களா, தொலைபேசிக்கு அனுப்பும் செய்திகளைத் திறந்தார்களா, வகுப்பு வெளியே போகும்போது துணைக்குப் போனார்களா, வாசலில் ஆசிரியையோடு பேசினார்களா என்று ஒவ்வொரு வீட்டையும் பார்த்து நிறம் போட்டார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஆசிரியை என்னைப் பலதடவை கூப்பிட்டிருக்கிறார். எல்லாம் ஆறு மணிக் கூட்டங்கள். ஆறு மணிக்கு நான் அடுப்புக்கு முன்னால் நிற்பேன். கடைசியில் மேல்மாடி அக்கா மூலம் சொல்லி அனுப்பினார், பள்ளிக்கூடம் விட்ட கையோடு வந்தாலும் போதும் என்று. ஒரு வியாழக்கிழமை வேலை உடுப்போடேயே போனேன். வெங்காயமும் எண்ணெயும் மணந்தது எனக்கே தெரிந்தது.

ஆசிரியை இளம்பெண். களைத்த முகம். கைகொடுத்தார். சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில், எனக்கு முழங்கால் நெஞ்சில் முட்ட, நானும் மகளும் இருந்தோம். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்க முன்கூட்டியே பதிய வேண்டுமாம், பதிந்தது சரிவரவில்லையாம். மன்னிப்புக் கேட்டுவிட்டு, மகளையே சொல்லச் சொன்னார். அங்கே பிள்ளைகள் ஆசிரியையை மெத்ரெஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நான் நல்லா வாசிக்கிறனாம். கணக்கும் நல்லமாம்" என்றாள் மகள். "ஆனால் வகுப்பிலை நித்திரை கொள்ளுறனாம். ஒருத்தரோடையும் விளையாடுறேல்லையாம்."

"ஓம் எண்டு சொல்லு."

ஆசிரியை ஒரு தாளை எங்கள் பக்கம் திருப்பினார். கட்டங்கள் நிறையச் சிவப்பு. கொப்பிக் கையெழுத்துக்கு மட்டும் பச்சை. அதில் ஒரு சொல்லைத் தொட்டுத்தொட்டு மெதுவாக விளங்கப்படுத்தினார். மகள் நெற்றியைச் சுருக்கினாள்.

"அந்தச் சொல்லுக்குத் தமிழ் தெரியேல்லை அப்பா."

"தெரிஞ்ச மாதிரிச் சொல்லு."

அவள் தாளைப் பார்த்தபடியே சொன்னாள்.

"விருப்பம் எண்டு நினைக்கிறன். உங்களுக்கும் அம்மாவுக்கும் என்னிலை விருப்பம் குறைவாம்."

குரலில் ஒன்றும் இல்லை. மழை பெய்கிறதாம் என்று சொல்வதுபோலச் சொன்னாள். ஆசிரியை புன்னகையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை என்ன சொல்லியிருக்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

"மெத்ரெஸ் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டா" என்றேன்.

"அப்பிடித்தான் சொல்லுறா. அம்மா ஏன் ஒருக்காலும் வாறேல்லை எண்டு கேக்கிறா."

நான் பதில் சொல்வதற்குள் அவள் ஆசிரியையின் பக்கம் திரும்பி வேகமாக ஏதோ சொன்னாள். அதில் வேலை என்ற சொல்லும் இரவு என்ற சொல்லும் எனக்குப் பிடிபட்டன. அம்மா இரவு வேலைக்குப் போகிறாள், பகலில் தூங்குகிறாள். நான் மற்றவர்களுக்குச் சொன்னதைவிட நல்ல பொய். அந்தப் பொய்யைத் தன் பாட்டில் எப்போது செய்து வைத்திருந்தாளோ. ஆசிரியை பேனையை எடுத்தார், தாளில் எழுதப் போனார்.

அப்போது என்னால் இருக்க முடியவில்லை. எழும்பினேன். "இல்லை" என்றேன், என்னுடைய குசினிப் பிரெஞ்சில். "வேலை இல்லை. மனைவி வருத்தம், நோய். இஞ்சை." தலையைத் தொட்டுக் காட்டினேன். "குழந்தை செத்தது. மனைவி படுக்கை. எப்பவும் படுக்கை."

ஆசிரியை பேனையை வைத்தார். எழும்பி வந்து என் தோளில் கை வைத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் எந்த மொழியில் சொன்னாலும் அது சரியாக வராது.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் என் கையைப் பிடிக்கவில்லை. மெத்ரோப் பாலத்துக்குக் கீழே வந்ததும் நின்றாள்.

"நீங்கள்தானே சொல்லக்கூடாது எண்டு சொன்னனீங்கள்."

"ஓம் குஞ்சு."

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

மேலே ரயில் போனது. அது போய் முடியும்வரை நின்றுவிட்டு நடந்தாள். அன்று ஆறு மணிக்கு நான் வேலைக்குப் பிந்திப் போனேன், ஏச்சு வாங்கினேன்.

இரண்டு கிழமைக்குள் ஒரு சமூக சேவகி வீட்டுக்கு வந்தார். புதன்கிழமை பின்னேரம், பள்ளிக்கூடம் இல்லாத பொழுது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சத்தம் போடாத, வயதான பெண். தன் தொலைபேசியை மேசையில் வைத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எடுத்தார். பாண்டிச்சேரிக்காரர் போல. வீட்டில் கேட்டுப் பழகாத தமிழ்.

"மேடம் உங்களப் பாக்கத்தான் வந்திருக்காங்கம்மா. பயப்படாதீங்க. ராத்திரி தூக்கம் வருதான்னு கேக்குறாங்க."

மனைவி சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். சமூக சேவகி கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். பல கேள்விகள் கேட்டார். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனேன். மகள் குசினிக் கதவோடு நின்றாள்.

திடீரென்று மனைவியின் குரல் கேட்டது. மாதக்கணக்கில் நான் கேளாத முழு வசனம்.

"பிள்ளையைக் கொண்டுபோகவோ வந்தனீங்கள்?"

மொழிபெயர்ப்பாளர் சொன்னார். சமூக சேவகி இல்லை இல்லை என்று அவசரமாகத் தலையாட்டினார். உதவி செய்யத்தான் வந்தாராம்.

"கொண்டுபோங்கோ" என்றாள் மனைவி. "இஞ்சை இருந்தால் அவளும் என்னைப்போலை ஆயிடுவாள். கொண்டுபோங்கோ."

தொலைபேசிக்குள் இருந்த மனிதர் அதைப் பிரெஞ்சில் சொன்னார். மகளுக்கு இரண்டு மொழியிலும் கேட்டது.

பனிக்காலம் தொடங்க மனைவியை மனநோய் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். அவளை அங்கே கொண்டுபோய் விட்ட நாளில் என்னிடம் கேட்டார்கள், இரவில் பிள்ளையோடு யார் என்று. மேல்மாடி அக்கா வைத்திருக்கத் தயார், ஆனால் அவர் வீட்டில் இடம் இல்லை. குசினி முதலாளியிடம் மத்தியான வேலை மட்டும் கேட்டேன், அவர் கையை விரித்தார். கடைசியில் எங்கள் இருவரின் சம்மதத்தோடு மகளைத் தற்காலிகமாக ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் விட்டார்கள். பாரிசுக்கு வெளியே, தோட்டம் உள்ள வீடு. நான் பயந்த அதே காரியம்தான், ஆனால் நான் நினைத்ததுபோல யாரும் பறித்துக்கொண்டு போகவில்லை. நானே பையைத் தூக்கிக்கொண்டு போய் விட்டேன். அந்த வீட்டுப் பெண் நல்லவர். மகளுக்கு ஒரு அறை, யன்னலோரம் மேசை, ஒரு சாம்பல் பூனை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். ரூ பெர்தொனே வீதித் தமிழ்க் கடையில் வாங்கிய மீன் ரோல்ஸ் கொண்டுபோவேன். அவள் ஒன்றைக் கடித்துவிட்டு மற்றதைப் பூனைக்கு வைப்பாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். விளங்காதபோது திருப்பிக் கேட்பேன். இரண்டாம் தடவையும் பிரெஞ்சிலேயே சொல்வாள், கொஞ்சம் மெதுவாக, ஆசிரியை எனக்குச் சொன்னதுபோல.

குசினி வேலையை விட்டேன். அதிகாலையில் அலுவலகங்கள் துப்பரவாக்கும் வேலை எடுத்தேன். மனைவி மருந்தோடு வீட்டுக்கு வந்தாள். கோடைக்குப் பிறகு மகளும் வந்தாள், பழைய பள்ளிக்கூடத்துக்கே.

அதற்குப் பிறகு நான் ஒரு கூட்டமும் விடவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கும்போதும் விடும்போதும் வாசலில் நின்றேன். வகுப்பு ஓவியம் பார்க்க நூதனசாலைக்குப் போனால் மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் நடந்தேன். மாநகரசபை நடத்திய மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தேன். அடுத்த வருட ஆசிரியர் மற்றப் பெற்றோருக்கு முன்னால் என்னைப் புகழ்ந்தார். எங்கள் வீடு எல்லாக் கட்டத்திலும் பச்சையாம். வரிசையில் நடக்கும்போது மகள் தன் சிநேகிதிகளோடு முன்னுக்குப் போவாள். வீதி கடக்கும் இடங்களில் நான் கையை உயர்த்தி வாகனங்களை நிறுத்தும்போது, மற்றப் பிள்ளைகள் எனக்கு நன்றி சொல்வார்கள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு போவாள்.

இப்போது அவளுக்குப் பத்து வயது. வகுப்பில் முதலாவது ஆள். அடுத்த வருடம் பெரிய பள்ளிக்கூடம். தாயின் மருந்துப் பெட்டி அவளுடைய பொறுப்பில் இருக்கிறது. யாரும் கொடுத்த பொறுப்பு அல்ல.

போன மாதம் மனைவி முதல்தடவையாக என்னோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். தலைமயிர் இழுத்து வாரி, குளிர்ச் சட்டையின் கடைசிப் பொத்தான் வரைக்கும் பூட்டியிருந்தாள். மகள் வந்தாள். இருவருக்கும் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். பையை நான் வாங்கப் போக, வேண்டாம் என்று தோளில் போட்டுக்கொண்டு சிநேகிதியோடு முன்னால் நடந்தாள்.

"அண்டைக்கு நான் சொன்னது அவளுக்குக் கேட்டதோ?" என்றாள் மனைவி.

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. "ஓம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் மகளின் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மகள் கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.

"பிள்ளை, அண்டைக்கு அம்மா சொன்னது..."

"தெரியும் அம்மா." தமிழில்தான் சொன்னாள். தலையை நிமிர்த்தவில்லை. "உங்களுக்கு வருத்தம். நீங்கள் மருந்தைப் போட்டிட்டுப் படுங்கோ."

மனைவி இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு குசினிக்கு வந்து, தண்ணீர் ஊற்றி, மாத்திரையை விழுங்கினாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.